குடும்பம் பற்றிய சமூகவியல் பார்வை எப்படி மாறியது? பெங்களூர் தமிழ் வீடுகளை ஆய்வு செய்பவருக்கு ஒரு விரிவான பதில்

பெங்களூரில் எம்.ஏ. சமூகவியல் படிக்கும் ஒருவரின் கேள்வி இது: "பாடத்தில் மர்டாக், பார்சன்ஸ், பெண்ணியவாதிகள், கிடென்ஸ் என்று வரிசையாக வருகிறார்கள். ஒவ்வொருவரும் முந்தினவரைத் தவறு என்கிறார்கள். அல்சூர், மர்ஃபி டவுன் பக்கத் தமிழ்க் குடும்பங்களை வைத்து ஆய்வேடு எழுதப் போகிறேன். கூட்டுக்குடும்பம் உடைந்து தனிக்குடும்பமாகிவிட்டது என்பது என் கருதுகோள். எந்தக் கோட்பாட்டை எடுத்துக்கொள்வது?"

முதலில் அந்தக் கருதுகோளை ஓரமாக வையுங்கள். அதைச் சோதிக்க, உடைவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கணக்கு வேண்டும். உங்களிடம் அது இல்லை. பெரும்பாலான ஆய்வேடுகளில் அந்த இடத்தைத் தாத்தா காலத்து நினைவுகளை வைத்து நிரப்பிவிடுகிறார்கள். இரண்டாவது, நீங்கள் சொன்னவர்கள் எல்லோரும் ஒரே கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் என்று எண்ண வேண்டாம். குடும்பத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதே ஒவ்வொரு தலைமுறையிலும் மாறியிருக்கிறது. அதனால் எவரை எடுப்பது என்று யோசிப்பதைவிட, உங்கள் களத்தில் எவருடைய கேள்வி எதைக் காட்டும், எதை மறைக்கும் என்று பார்ப்பதுதான் பயன்படும்.

இதைத் தெளிவாக்க, கற்பனையாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அந்தத் தெருக்களில் இப்படிப்பட்ட வீடு புதிதல்ல. இருபதுக்கு முப்பது சைட்டில் மூன்று தளம். கீழே ஓய்வு பெற்ற அப்பா, அம்மா, சின்ன மருமகள், அவள் குழந்தை. சின்ன மகன் துபாயில் வேலை பார்க்கிறார். முதல் மாடியில் பெரிய மகன், மனைவி, இரண்டு பிள்ளைகள். தனி அடுப்பு, தனி சிலிண்டர், தனி மீட்டர். மேல்மாடியை வேறொருவருக்கு லீசுக்கு விட்டிருக்கிறார்கள். துபாய்ச் செலவு அந்த லீசுப் பணத்திலிருந்துதான் போனது. மகளை அத்தை மகனுக்கே கொடுத்திருக்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி வீடு. அவள் பிள்ளை பள்ளி விட்டதும் பாட்டி வீட்டுக்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டுக் கிரைண்டரில் ஆட்டும் மாவு மூன்று வீட்டுக்கும் போகிறது. இது எத்தனை குடும்பம்?

19-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் தேடியது குடும்பத்தின் தோற்றத்தை. ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஹென்றி மெய்ன் 1861-இல் தந்தையின் அதிகாரத்துக்கு உட்பட்ட பெரிய குடும்பமே ஆதி வடிவம் என்று எழுதினார். மறுவருடமே வைஸ்ராய் சபையின் சட்ட உறுப்பினராகக் கல்கத்தாவுக்கு வந்தார். இந்தியக் கூட்டுக்குடும்பம் என்றதும் சொத்து, தந்தைவழி, பங்கு என்று மனம் போவதற்கு இந்தச் சட்டப் பார்வை ஒரு பெரிய காரணம்.

அதே காலத்தில் அமெரிக்காவில் லூயிஸ் ஹென்றி மார்கன் செனெக்கா மக்களின் உறவுமுறைப் பெயர்களைத் தொகுத்துக்கொண்டிருந்தார். தமிழ் உறவுமுறையும் அதே அமைப்பில் இருப்பதைக் கண்டு அசந்துபோனார். அப்பாவின் சகோதரர் பெரியப்பாவோ சித்தப்பாவோ, அவர் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. அப்பாவின் சகோதரி அத்தை, அவர் மகன் கட்டிக்கொள்ளும் முறை. இந்தப் பிரிவினையின் அடிப்படை இரு இடத்திலும் ஒத்துப்போனது. 1871-இல் வந்த அவருடைய பெரிய தொகுப்பில் தமிழுக்கு முக்கியமான இடம் உண்டு. ஆனால் இதிலிருந்து ஆதியில் குழு மணம் இருந்தது, அதிலிருந்து படிப்படியாக ஒருதார மணம் வந்தது என்று ஒரு ஏணியைக் கட்டிவிட்டார். எங்கெல்ஸ் 1884-இல் அந்த ஏணியைச் சொத்துரிமையோடு இணைத்தார். ஏணி பின்னால் கைவிடப்பட்டது. சொத்துக்கும் மணத்துக்கும் பெண்ணின் நிலைக்கும் தொடர்பு உண்டு என்ற கேள்வி மட்டும் நிலைத்தது. பெண்ணியவாதிகள் அதைத்தான் பிறகு கையில் எடுத்தார்கள்.

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கேள்வி மாறுகிறது: குடும்பம் என்ன வேலை செய்கிறது? அமெரிக்க மானிடவியலாளர் மர்டாக் 1949-இல் 250 சமூகங்களை ஒப்பிட்டு, கணவன், மனைவி, பிள்ளைகள் கொண்ட தனிக்குடும்பம் எங்கும் உண்டு என்றார். பாலுறவு, பொருளாதாரம், இனப்பெருக்கம், கல்வி என நான்கு பணிகளை அதற்குக் கொடுத்தார். அமெரிக்கச் சமூகவியலாளர் பார்சன்ஸ் 1955-இல் இதைச் சுருக்கினார்: தொழில் சமூகத்தில் குடும்பத்திடம் மிஞ்சியது பிள்ளையைச் சமூகத்துக்குப் பழக்குவதும், பெரியவர்களின் மன நிலையைத் தாங்குவதும். ஆண் வெளியே சம்பாதிப்பவர், பெண் உள்ளே உணர்வைப் பேணுபவர். அவர் பார்த்தது போருக்குப் பிந்தைய அமெரிக்க நடுத்தர வர்க்கத்தை. எழுதியதோ எல்லாத் தொழில் சமூகங்களுக்குமான விதி போல. பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தடுமாறுகின்றன. அந்த விதியை அப்படியே இறக்கி, நகரமயமானால் கூட்டுக்குடும்பம் தானாகக் கரையும் என்று எழுதிவிடுகின்றன.

இந்த விதிக்கு மூன்று பக்கமிருந்து அடி விழுந்தது. கேத்லீன் கஃப் 1959-இல் நாயர் சமூகத்தின் பழைய மணமுறையைக் காட்டி, கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் வாழாமலே குழந்தைக்குச் சமூக அங்கீகாரம் கிடைத்ததை விளக்கினார். மர்டாக்கின் 'எங்கும்' ஆட்டம் கண்டது. யங்கும் வில்மாட்டும் 1957-இல் கிழக்கு லண்டன் தொழிலாளர் தெருக்களில், தாயும் மணமான மகளும் அன்றாடம் பார்த்துக்கொண்டு ஒருவர் வேலையை மற்றவர் செய்வதைப் பதிவு செய்தார்கள். பீட்டர் லாஸ்லெட்டும் குழுவினரும் ஆங்கிலத் திருச்சபை ஊர்க் கணக்குகளைப் பிரித்துப் பார்த்தபோது, 16-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஒரு வீட்டின் சராசரி அளவு 4.75 பேர்தான். தொழிற்புரட்சி வருவதற்கு முன்பே வீடு சிறிதாகத்தான் இருந்தது.

இந்தியாவில் நடந்த விவாதம் இதைவிட நுட்பமானது, உங்களுக்கு அதுதான் நேரடியாகப் பயன்படும். ஐராவதி கார்வே 1953-இல் கூட்டுக்குடும்பத்துக்குத் தந்த வரையறை: ஒரே கூரை, ஒரே அடுப்பு, பொதுச் சொத்து, பொது வழிபாடு, உறவு. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அறிக்கை, சிறிய வீடுகள் இவ்வளவு இருப்பதே கூட்டுக்குடும்ப வழக்கம் தளர்வதன் அறிகுறி என்றது. சமூகவியலாளர் ஐ.பி. தேசாய் அங்கேயே மறித்தார். வீடு வேறு, உறவு வேறு. தனி அடுப்பு வைத்திருப்பவர்களும் பணத்தாலும் கடமையாலும் சொத்தாலும் ஒன்றாக இருக்கலாம் என்றார். குஜராத்தின் மஹுவா நகரில் அவர் செய்த ஆய்வு 1964-இல் வந்தது. பேர் எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு எந்தெந்த வகையில் கூட்டு என்று அளவெடுத்தார்.

ஏ.எம். ஷா இதை இன்னும் கறாராக்கினார். வீட்டுக் குழு என்பது ஒரு பரிமாணம் மட்டும், குடும்பம் அதைவிடப் பெரியது, இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால்தான் குழப்பம் என்பது அவர் வாதம். குஜராத்தின் ஒரு கிராமத்துக்கு 1825-இல் எடுத்த கணக்கை வைத்து, அப்போதே சிறிய வீடுகள் நிறைய இருந்ததைக் காட்டினார். காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. சுதந்திரம் வந்த சமயத்தில்கூட இந்தியாவில் சராசரி ஆயுள் 32 ஆண்டு அளவில்தான். பேரன் பிறப்பதைப் பார்க்கத் தாத்தா உயிரோடு இருந்தால்தானே மூன்று தலைமுறை ஒரு வீட்டில்? ஆயுள் கூடியபின் சில இடங்களில் கூட்டாக வாழும் வாய்ப்பு அதிகரித்திருக்கிறது. உங்கள் கருதுகோள் தலைகீழாகிற இடம் இது.

மூன்றாவது ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வளர்ச்சிச் சுழற்சி. மேயர் ஃபோர்ட்ஸ் 1958-இல் சொன்னது. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வீடு கூட்டாகிறது, தம்பிக்கும் ஆனதும் பெருக்கிறது, பிறகு அடுப்பு பிரிகிறது, பெரியவர் தனியானதும் மறுபடி ஒரு மகனிடம் சேர்கிறார். ஒரே நாளில் எடுத்த கணக்கில் தனிக்குடும்பமாகத் தெரிவது ஐந்து வருடத்துக்கு முன் கூட்டாக இருந்திருக்கலாம், ஐந்து வருடம் கழித்து மறுபடி ஆகலாம்.

தென்னிந்தியாவுக்கு இரண்டு பேரைத் தவறாமல் படியுங்கள். பாலின் கொலெண்டா 1960-களில் பல ஆய்வுகளின் கணக்குகளை ஒரே அளவுகோலில் ஒப்பிட்டு, கங்கைச் சமவெளியைவிடத் தெற்கில் கூட்டு வீடுகள் குறைவு என்று காட்டினார். மனைவிக்குத் தாய்வீட்டு ஆதரவு இருக்கும் இடங்களில் தனி அடுப்பு சீக்கிரம் வருகிறது என்பது அவர் விளக்கத்தின் முக்கியப் பகுதி. பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளரிடையே வேலை செய்து, நம் மண உறவு தலைமுறை தலைமுறையாகத் தொடரும் ஒரு கொடுக்கல் வாங்கல் என்று 1957-இல் எழுதினார். தாய்மாமன் சீர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது மெய்னின் தந்தைவழிச் சட்டகத்தில் விளங்காது, துய்மோனிடம் விளங்கும். இது பழங்கதையும் அல்ல: தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் இரத்த உறவுக்குள் மணந்த பெண்கள் தமிழ்நாட்டில் 28 சதவீதம், கர்நாடகத்தில் 27, நாடு முழுக்க 11.

பெங்களூரைப் பற்றியே ஒரு முன்னோடி ஆய்வு இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த ஐலீன் ராஸ் இந்த ஊரின் நடுத்தர, மேல்தட்டு இந்துக்கள் 157 பேரிடம் பேசி எழுதியது 1961-இல் வெளியானது. யாரோடு யாருக்குப் பிணைப்பு அதிகம் என்று அவர் வரிசைப்படுத்தியதில் தாய்–மகன் முதலில் நின்றது. கணவன்–மனைவி வெகு பின்னால். தனி வீடு வந்துவிட்டால் தம்பதி மையக் குடும்பம் வந்துவிடும் என்ற எண்ணத்தை இந்த ஊர்த் தரவே கேள்வி கேட்கிறது. ஆனால் அதில் தொழிலாளர் வீடுகள் இல்லை. அல்சூரும் மர்ஃபி டவுனும் அங்கே நிரப்ப வேண்டிய இடம். மில்டன் சிங்கர் 1968-இல் சென்னைத் தொழிலதிபர்கள் 19 பேரின் குடும்பங்களைப் பற்றி எழுதியதையும் கூடவே படியுங்கள். தொழில் வளர்ந்தபோது கூட்டுக்குடும்பம் கலையாமல் தன்னை மாற்றிக்கொண்டதை அது காட்டுகிறது.

1970-களில் வந்த மாற்றம்தான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரியது. அதுவரை குடும்பத்தை வெளியிலிருந்து ஒரே அலகாகப் பார்த்தவர்கள், முதல்முறையாக உள்ளே போய், யார் செய்கிறார், யார் பெறுகிறார் என்று கேட்டார்கள். ஜெஸ்ஸி பெர்னார்ட் 1972-இல் ஒவ்வொரு திருமணத்திலும் கணவனின் திருமணம், மனைவியின் திருமணம் என இரண்டு உண்டு என்றார். ஆன் ஓக்லி 1974-இல் லண்டனில் 40 இல்லத்தரசிகளிடம் வீட்டு வேலையை வேலையாகவே அளந்தார்: வாரத்துக்குச் சராசரி 77 மணி நேரம். அமர்த்தியா சென்னும் பீனா அகர்வாலும் குடும்பத்தை ஒத்துழைப்பும் பேரமும் கலந்த இடமாக விளக்கினார்கள். வெளியே சொத்தும் போக்கிடமும் இருக்கும் பெண்ணுக்கு உள்ளே குரல் வலுக்கும். மகளுக்குக் கூட்டுச் சொத்தில் பங்குரிமை தமிழ்நாட்டில் 1989-இல் வந்தது, கர்நாடகத்தில் 1994-இல், நாடு முழுக்க 2005-இல். சட்டத்தில் வந்த பங்கு எத்தனை வீட்டில் பத்திரத்தில் ஏறியது, எத்தனை வீட்டில் அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்தாக முடிந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு முழு அத்தியாயத்துக்கு விஷயம் கிடைக்கும்.

இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிட்டது சராசரி 299 நிமிடம், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். ஆண்களில் ஈடுபட்டவர்களே சுமார் கால் பங்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விட்டுவிட்டால் எல்லா ஆண்களும் தினம் ஒன்றரை மணி நேரம் வேலை செய்வதாகப் பொருள் வந்துவிடும். நம் கற்பனை வீட்டில் இந்தப் பார்வையை வைத்தால், மூன்று வீட்டு மாவையும் ஆட்டுவதும், மகள் பிள்ளைக்குச் சாயங்காலம் சாப்பாடு கொடுப்பதும் மாமியாரா, கணவன் அருகில் இல்லாத சின்ன மருமகளா என்ற கேள்வி எழும். தேசாயின் அளவுகோலில் இது எழாது. கூட்டு பலமாக இருக்கிறது என்று அவர் மதிப்பெண் போடும் வீட்டில், அந்தப் பலம் யார் உழைப்பில் நிற்கிறது என்பது விடுபட்டுவிடும்.

1990-களுக்குப் பிறகு வந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டிஷ் சமூகவியலாளர் கிடென்ஸ் 1992-இல், உறவு இனி இருவருக்கும் திருப்தி தரும்வரை மட்டும் நீடிக்கும் என்றார். வர்க்கமும் பாலினமும் அதில் காணாமல் போனதாக லின் ஜேமிசன் 1999-இல் மறுத்தார், நானும் அவர் பக்கம். டேவிட் மார்கன் 1996-இல், குடும்பம் என்பது மனிதர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள் என்றார்: சமைப்பது, அழைத்து வருவது, பணம் அனுப்புவது. ஜேனட் ஃபிஞ்ச் 2007-இல், நாங்கள் குடும்பம் என்று காட்டிக்கொள்வதும் அதில் அடக்கம் என்று சேர்த்தார். துபாயிலிருந்து தினம் இரவு வரும் வீடியோ அழைப்பை இதைவிட நன்றாக விளக்கும் கருத்து இல்லை. கேத் வெஸ்டன் 1991-இல் எழுதிய, இரத்தமோ திருமணமோ இல்லாமல் தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்து நம் நீதிமன்றம் வரை வந்துவிட்டது. 2022-இல் உச்ச நீதிமன்றம், திருமணமில்லா இணைகளும் தன்பால் உறவுகளும் குடும்பமாக அமையலாம் என்றது. ஒரே பாலினத் திருமணத்தை 2023-இல் அது அங்கீகரிக்கவில்லை. இருந்தும் 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல என்று சொன்னது.

இனி களத்துக்கு வருவோம். 'உங்களுடையது கூட்டுக்குடும்பமா, தனிக்குடும்பமா?' என்று நேராகக் கேட்கவே கேட்காதீர்கள். கூட்டு என்று சொல்வதில் ஒரு கௌரவம் இருக்கிறது. விடை அந்தப் பக்கம் சாயும். பதிலாக ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி போட்டு, தனித்தனிக் கட்டங்களில் நிரப்புங்கள்: எங்கே தூங்குகிறார், எந்த அடுப்பில் சாப்பிடுகிறார், வருமானம் யார் கையில் போகிறது, வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து யார் தருகிறார், வீடு யார் பெயரில், குலதெய்வக் கோயிலுக்கு யாரோடு போகிறார். ஊரில் இல்லாதவருக்கும் வரி உண்டு. பக்கத்துத் தெரு மகளுக்கும் உண்டு. இப்படி எடுத்தால் ஒரே தரவிலிருந்து கணக்கெடுப்பு முறைப்படியும், தேசாய் முறைப்படியும் எண்ணிக் காட்டலாம். சேர்ந்து வசித்து ஒரே சமையலில் சாப்பிடுபவர்களை ஒரு வீடு என எண்ணும் கணக்கெடுப்பு விதிப்படி, மேல்மாடிக் குடித்தனத்தை விட்டுவிட்டால் நம் கற்பனை வீடு மகளையும் சேர்த்து மூன்று. தேசாய் முறைப்படி அப்பாவும் மகன்களும் ஒன்று. மகளை எங்கே வைப்பது என்பதில் தேசாய் முறை திணறும். அந்தத் திணறலை மறைக்காமல் எழுதுங்கள்.

ரேஷன் கார்டைக் குடும்பத்துக்குச் சாட்சியாக எடுக்காதீர்கள். கர்நாடகத்தில் 2023 முதல் கிருஹலட்சுமி திட்டத்தில் கார்டில் குடும்பத் தலைவியாக உள்ள பெண்ணுக்கு மாதம் ₹2,000 வருகிறது. கிருஹ ஜோதியில் 200 யூனிட் வரை இலவச மின்சாரம் மீட்டர் கணக்கில். ஒரு கார்டு இரண்டாவதற்கும், ஒரு மீட்டர் இரண்டாவதற்கும் இதில் நல்ல காரணம் இருக்கிறது, மனஸ்தாபம் எதுவும் தேவையில்லை. மறுபக்கம், வருமான வரிக்காக இந்துக் கூட்டுக்குடும்பம் என்று தனி பான் எண் வைத்திருப்பவர்கள் வேறு வேறு வீட்டில் வாழலாம்.

யார் யார் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதை வைத்து வீடுகளைப் பிரிக்கும் கொலெண்டாவின் 12 வகைப் பட்டியலைப் பயன்படுத்தினால், வெளிநாட்டில் இருக்கும் மகனை எண்ணுவதா வேண்டாமா என்று களத்துக்குப் போகும் முன்பே விதி எழுதி வையுங்கள். அவரைச் சேர்த்தால் கீழ்வீடு இரு தலைமுறைத் தம்பதிகள் கொண்ட கூட்டு வீடு. விட்டால் கூடுதல் உறவினர் சேர்ந்த தனிக்குடும்பம். விதி இல்லாமல் போய் வீட்டுக்கு வீடு மாற்றி எண்ணினால் அட்டவணை பயனற்றுப் போகும்.

ஆடி மாதத்தில் கணக்கெடுக்க வேண்டாம். புதுப்பெண்கள் தாய்வீட்டில் இருப்பார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளையும், மே விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகளையும் வழக்கமாக வசிப்பவர் கணக்கில் சேர்த்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அதனால் 'நேற்று இரவு இங்கே இருந்தவர்', 'கடந்த ஆறு மாதத்தில் பெரும்பாலும் இங்கே இருந்தவர்' என்று இரண்டு கட்டம் வையுங்கள்.

வேலைப் பங்கீட்டுக்கு 'வீட்டு வேலை யார் செய்வது?' என்ற கேள்வி போதாது. 'எல்லாரும்தான்' என்று பதில் வரும். தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு செய்வதுபோல, முந்தின நாள் காலை 4 மணி முதல் அன்று காலை 4 மணி வரை அரை மணி அரை மணியாகக் கேளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு வேலை நடந்தால் இரண்டையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் சமைத்துக்கொண்டே பிள்ளையைப் படிக்க வைப்பதில் ஒன்று மறைந்துவிடும். மருமகளிடம் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது கேட்ட விடையைப் பயன்படுத்தாதீர்கள். தண்ணீர் பிடிக்கும் நேரம், பள்ளி வாசல், கார்மெண்ட்ஸ் ஷிஃப்ட் விடும் நேரம் ஆகியவை தனியாகப் பேசக் கிடைக்கும் சந்தர்ப்பங்கள். தேவைப்பட்டால் ஒரு பெண் தோழியை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

அளவு பற்றி: எம்.ஏ. ஆய்வேட்டுக்கு 40 முதல் 60 வீடு வரை இந்தப் பட்டியல், அதில் எட்டு பத்து வீடுகளுக்கு மட்டும் மூன்று தலைமுறை வம்சாவளி வரைபடமும், கல்யாணம், அடுப்புப் பிரிவு, மறுபடி சேர்ந்தது எல்லாம் வருடவாரியான குறிப்பும் போதும். சதவீதம் போட்டு ஊருக்கே பொதுவாக்க இந்த எண்ணிக்கை காணாது. எந்தச் சூழலில் அடுப்பு பிரிகிறது, பிரிந்த பின்னும் எது பிரியாமல் இருக்கிறது என்று காட்ட இது தாராளம். கருதுகோளையும் அப்படியே திருத்திக்கொள்ளலாம்: அடுப்பு பிரிந்த வீடுகளில் பணம், பராமரிப்பு, சொத்து, வழிபாடு ஆகியவற்றில் எது முதலில் பிரிகிறது, எது கடைசிவரை சேர்ந்தே இருக்கிறது, அந்தச் சேர்க்கைக்கான உழைப்பு யாருடையது.

பாகப்பிரிவினை வழக்கு நடக்கும் வீடுகள் உங்கள் பட்டியலில் வரலாம். அங்கே சொத்துக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு மற்றதை மட்டும் கேளுங்கள். ஒரு தரப்பு சொன்னதை மறுதரப்பிடம் சரிபார்க்க வேண்டாம். குறிப்பேட்டில் பெயருக்குப் பதில் எண் போடுங்கள், எண்–பெயர்ப் பட்டியலை வேறிடத்தில் வையுங்கள்.